கடல்நீர்த் தொட்டியில் கோளாறா? ஃபில்டர் வாங்கும் முன் அறிகுறியைப் பாருங்கள்

தொட்டி கலங்கியதும் கை முதலில் போவது பர்ஸுக்குத்தான். இருக்கிற ஃபில்டர் போதவில்லை, இன்னும் பெரிதாக ஒன்று வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று மனது சொல்லும். அப்படி வாங்கிக் குவித்த சாமான் என் அலமாரியில் ஒரு தட்டு நிறையக் கிடக்கிறது. நோய் என்னவென்று பார்க்காமல் வாங்கிய மருந்துகள் அவை.

ஃபில்டர் என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. மிதக்கும் குப்பையைப் பிடிக்க வேண்டும். அதைப் பஞ்சு செய்கிறது. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியிருக்க இடம் வேண்டும். அதைப் பெரும்பாலும் கல் தருகிறது. நீரில் கரைந்துபோன அழுக்கை வெளியே எடுக்க வேண்டும். அழுக்கைக் குமிழியில் நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரும், அழுக்கை உறிஞ்சும் கரியான கார்பனும் அதற்கு. நீர் ஓட வேண்டும், காற்று ஏற வேண்டும். அதற்குத் தொட்டிக்குள் நீரைத் தள்ளும் சின்ன மோட்டாரான வேவ்மேக்கரும், மேற்பரப்பைக் கலக்குகிற எதுவும். ஒன்றின் குறையை இன்னொன்றைப் பெரிதாக்கி ஈடுகட்ட முடியாது. ஓட்டம் இல்லாத மூலையில் சேறு கட்டினால் ஸ்கிம்மர் என்ன செய்யும், பாவம்?

அதனால் கீழே இருப்பது அறிகுறிகளின் வரிசை. உங்கள் தொட்டியில் தெரிவதை மட்டும் படித்தால் போதும். ஆனால் அதற்கு முன் இரண்டு எண்கள் கையில் இருக்க வேண்டும்.

முதல் எண்: உண்மையில் எவ்வளவு தண்ணீர்

60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம் உள்ள கண்ணாடித் தொட்டியைப் பெட்டியில் 65 லிட்டர் என்று போட்டிருப்பார்கள். விளிம்புவரை யாரும் நிரப்புவதில்லை. 33 செ.மீ. உயரத்துக்கு நிரப்பினால் 59 லிட்டர். கல்லும் மணலும் அதில் பத்துப் பதினோரு லிட்டரை அடைத்துக்கொள்ளும். மிச்சம் 48. மருந்து, கார்பன், உப்பு எல்லாவற்றுக்கும் இந்த 48தான் கணக்கு. தொட்டியை முதன்முதலில் நிரப்பும்போது வாளிகளை எண்ணி வைத்திருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. நான் எண்ணவில்லை.

இரண்டாவது எண்: பம்ப் உண்மையில் எவ்வளவு தள்ளுகிறது

பெட்டியில் மணிக்கு 1000 லிட்டர் என்று இருப்பது, நீரை ஒரு செ.மீ.கூட மேலே தூக்காதபோது. கீழே சம்ப்பிலிருந்து (தொட்டிக்கு அடியில் வைக்கும் ஃபில்டர் தொட்டி) ஒரு மீட்டர் மேலே தள்ளச் சொன்னால் சின்ன பம்ப்புகள் பாதிக்கும் கீழே போய்விடும். குழாயில் இரண்டு வளைவு, உள்ளே கொஞ்சம் பாசி என்றால் இன்னும் குறையும். அளப்பது சுலபம். பம்ப் வெளியே விடும் நீரை 10 லிட்டர் வாளியில் பிடித்து, நிரம்ப எத்தனை நொடி என்று பாருங்கள். 90 நொடி ஆனால் மணிக்கு 400 லிட்டர். இதை ஒரு காகிதத்தில் எழுதி, தேதி போட்டு, தொட்டிக்கு அடியில் ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்கும்போது 280 என்று வந்தால், புது பம்ப் வேண்டாம். உள்ளே சுழலும் விசிறியான இம்பெல்லரைக் கழற்றிக் கழுவினாலே போதும்.

அப்புறம் டெஸ்ட் கிட். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், ஃபாஸ்பேட், கூடவே உப்பளவு பார்க்க ஒரு ரிஃப்ராக்டோமீட்டர். இவை இல்லாமல் கீழே உள்ளதைப் படித்துப் பயனில்லை.

அறிகுறி: தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியிருக்கிறது

வெள்ளைக் கலக்கம் மூன்று வகை. தொட்டிக்கு வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோல இருக்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டி நீரைப் பிடித்து, கறுப்புத் துணிக்கு முன்னால் வையுங்கள்.

ஓரிரு நிமிடத்தில் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது நுண்குமிழி. எங்கோ பம்ப் காற்றை உறிஞ்சுகிறது, அல்லது ஸ்கிம்மர் வெளியே விடுகிற நீரோடு குமிழியும் வருகிறது. நீர்மட்டம் குறைந்து பம்ப்பின் வாய் மேற்பரப்புக்கு மிக அருகில் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுதான். நன்னீரை ஊற்றி மட்டத்தைச் சரி செய்தாலே நின்றுவிடும்.

ஒரு மணி நேரத்தில் டம்ளரின் அடியில் மாவு போலப் படிந்தால் மணல் தூசி. புது மணலைச் சரியாகக் கழுவவில்லை, அல்லது வேவ்மேக்கர் தரையைப் பார்த்து ஊதுகிறது. ஃபில்டரில் நெருக்கமான பஞ்சைப் போட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே வந்தால் தெளிந்துவிடும்.

மறுநாள் காலையிலும் டம்ளர் அப்படியே மங்கலாக இருந்தால் பாக்டீரியாப் பெருக்கம். புதுத் தொட்டியில் இது வருவது சகஜம். பழைய தொட்டியில் வந்தால் எதுவோ அழுகுகிறது. கல்லுக்குப் பின்னால் செத்த நத்தை, அதிகம் கொட்டிய தீனி, இப்படி ஏதாவது இருக்கும். இந்தப் பெருக்கம் ஆக்ஸிஜனை உறிஞ்சிவிடும், அதனால் மேற்பரப்பு நன்றாகக் கலங்குகிறதா என்று உறுதி செய்யுங்கள். தீனியைக் குறையுங்கள். மற்றபடி காத்திருப்பதுதான் வைத்தியம். இதற்காகப் பெரிய ஃபில்டர் வாங்காதீர்கள். பஞ்சின் துளை வழியே பாக்டீரியா தாராளமாகப் போய்வரும்.

அறிகுறி: அம்மோனியாவோ நைட்ரைட்டோ காட்டுகிறது

தொட்டி வைத்து ஆறு வாரம் ஆகவில்லை என்றால், இது கோளாறே இல்லை. மீன் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாகின்றன. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்குகிறது, இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. இந்தக் கூட்டம் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீன் விடாதீர்கள். இந்தக் கட்டத்தில் நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் சோதனை பொய்யாக உயர்த்திக் காட்டும் என்பதால் அந்த எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம்.

பழகிய தொட்டியில் அம்மோனியா வந்தால் விஷயம் வேறு. நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்கள் இங்கேதான் அலட்சியமாகிவிடுகிறார்கள். அம்மோனியாவின் நச்சுத்தன்மை பிஹெச் ஏற ஏற ஏறும். பிஹெச் 7 உள்ள நன்னீரில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அளவு, 8.2 உள்ள கடல்நீரில் பத்து மடங்குக்கு மேல் நச்சாக மாறும். நைட்ரைட் அதற்கு நேர்மாறு. கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு, நைட்ரைட் மீனின் செவுளுக்குள் போவதைத் தடுத்துவிடுகிறது. ஆகவே அம்மோனியாவைக் கண்டால் அன்றே 25 முதல் 30 சதவீத நீரை மாற்றுங்கள். நைட்ரைட் மட்டும் தெரிந்தால் நிதானமாகக் காரணம் தேடலாம்.

காரணம் பெரும்பாலும் நம் கைதான். பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் குழாய்த் தண்ணீரில் சுத்தமாகக் கழுவியிருப்போம். குளோரின் பட்டதும் பாக்டீரியா போயிற்று. தொட்டியிலிருந்து எடுத்த பழைய உப்புநீரை ஒரு வாளியில் வைத்து, அதிலேயே பஞ்சைப் பிழிந்து அலசினால் போதும். வெள்ளைவெளேர் என்று ஆக வேண்டியதில்லை. ஒரே நாளில் எல்லாப் பஞ்சையும் வளையங்களையும் சேர்த்து மாற்றுவதும் இதே தவறுதான்.

எதை வாங்குவது என்று கேட்டால், கல். துளைகள் நிறைந்த கல் சின்னத் தொட்டியின் நிஜமான உயிரியல் ஃபில்டர். 1960களின் தொடக்கத்திலேயே இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர் பாக்டீரியா குடியிருக்கும் உயிருள்ள கல்லையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துக் கடல் தொட்டி நடத்திக் காட்டினார். பிற்பாடு ஜெர்மானியர்கள் அதோடு ஸ்கிம்மரையும் வலுவான ஓட்டத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். பெர்லின் முறை என்று அதற்குப் பெயர். இன்றைக்கும் அடிப்படை அதேதான். கடலிலிருந்து கல் எடுப்பது பல நாடுகளில் சட்டப்படி தடை என்பதால் காய்ந்த கல்லே போதும். பாக்டீரியா தானே வந்து குடியேறும், கொஞ்சம் நாள் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். கல்லைச் சுவர் போல அடுக்காமல் இடையில் நீர் புகுந்து போகும்படி வையுங்கள்.

அறிகுறி: மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன

அவசரம். முதலில் மேற்பரப்பைக் கலக்குங்கள். வேவ்மேக்கரின் முகத்தை மேலே திருப்பினால் ஒரு நொடி வேலை. பிறகு அம்மோனியா சோதனை. அம்மோனியா இல்லையென்றால் பெரும்பாலும் ஆக்ஸிஜன் குறை.

ஒரே வெப்பநிலையில் கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவான ஆக்ஸிஜனைத்தான் வைத்துக்கொள்ளும். 25 டிகிரியில் நன்னீருக்கு லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம், கடல்நீருக்கு 7க்கும் கொஞ்சம் கீழே. நீர் சூடேறினால் இன்னும் குறையும். அதற்கு மேல் எண்ணெய் போல ஒரு படலம் மூடிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அந்தப் படலத்தைப் பார்க்க ஒரு வழி: தொட்டியின் பக்கத்தில் குனிந்து, நீருக்கு அடியிலிருந்து மேற்பரப்பை அண்ணாந்து பாருங்கள். கண்ணாடி போலப் பளிச்சென்று இருந்தால் நல்லது. தூசி படிந்த ஜன்னல் போல மங்கலாக இருந்தால் படலம் இருக்கிறது. உடனடி வைத்தியம், அச்சில்லாத வெள்ளைத் துடைப்புக் காகிதம் ஒன்றை நீரின் மேல் விரித்து ஓரமாக இழுத்தெடுப்பது.

நிரந்தர வைத்தியம், மேற்பரப்பு நீரை உறிஞ்சும் ஏதாவது ஒன்று. கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா) வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். அது நடு ஆழத்திலிருந்து நீரை எடுத்து, மூடிய குழாய் வழியே திருப்பி விடுகிறது. மேற்பரப்பைத் தொடுவதே இல்லை. அதன் உறிஞ்சுகுழாயில் மாட்ட மேற்பரப்பு உறிஞ்சி தனியாகக் கிடைக்கும். பின்புறம் தொங்கவிடும் ஃபில்டரில் நீர் அருவி போல விழுவதால் காற்றேற்றம் தானாக நடக்கும். சம்ப் உள்ள தொட்டியில் விளிம்பிலிருந்தே நீர் வழிவதால் படலம் தங்குவதில்லை.

அறிகுறி: நைட்ரேட் ஏறிக்கொண்டே போகிறது

இங்கே கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் போடலாம்.

தொட்டியில் வாரத்துக்கு 8 அளவு நைட்ரேட் கூடுகிறது, நீங்கள் வாரம் 20 சதவீத நீர் மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நைட்ரேட் 40ஐத் தொட்டதும் நின்றுவிடும். 40இல் 20 சதவீதம் 8. மாற்றும்போது 32 ஆகிறது, அடுத்த வாரம் மறுபடி 40. எத்தனை வருஷம் ஒழுங்காக மாற்றினாலும் 40தான். பலர் “நான் வாராவாரம் தவறாமல் மாற்றுகிறேனே” என்று வருந்துவது இதனால்தான். 10 சதவீதம் மட்டும் மாற்றுகிறவருக்கு அது 80இல் போய் நிற்கும். 40 சதவீதம் மாற்றினால் 20இல் நிற்கும். ஆனால் வாரத்துக்கு 8 கூடுவதை 4 ஆகக் குறைத்தால், பழைய 20 சதவீதத்திலேயே 20இல் நின்றுவிடும். இரட்டிப்பு உப்புச் செலவா, பாதித் தீனியா என்பது உங்கள் இஷ்டம்.

அந்த 8 எங்கிருந்து வருகிறது என்று தேடினால் முதல் சந்தேகம் தீனி. இரண்டாவது, மூடிவைத்த கேனிஸ்டர். சத்தமில்லாமல் அலமாரிக்குள் ஓடிக்கொண்டிருப்பதால் மூன்று மாதம் மறந்துவிடுகிறோம். திறந்து பார்த்தால் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்புச் சேறு. அது ஃபில்டருக்குள் இருப்பதால் தொட்டியில் இல்லை என்று நினைக்கிறோம், ஆனால் அதே நீர்தான் அந்தச் சேற்றின் வழியே நாள் முழுக்கச் சுற்றுகிறது. குப்பையைப் பிடிப்பது பாதி வேலை, பிடித்ததை வெளியே எறிவது மீதி. கேனிஸ்டர் கெட்ட கருவி என்று சொல்ல மாட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து கழுவுகிற ஆள் நீங்கள் என்றால் வாங்குங்கள். நான் அந்த ஆள் இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது.

கழுவச் சோம்பல் உள்ளவர்களுக்குத் தொங்கு ஃபில்டர் ஏற்றது. மூடியைத் தூக்கினால் பஞ்சு கண்ணெதிரே இருக்கிறது. மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை பழையதை எடுத்துப் போட்டுப் புதுப் பஞ்சை வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. சம்ப்பில் துணிப்பை போட்டிருப்பவர்களுக்கும் அதே கெடு. பை வழிய ஆரம்பித்த பிறகு கழுவினால் பயனில்லை.

பஞ்சு சுத்தமாக இருந்தும் ஏறினால், கல்லுக்குப் பின்னால் ஒரு சொட்டுமருந்துக் குழலால் ஊதிப் பாருங்கள். புழுதி கிளம்பினால் ஓட்டம் போதவில்லை. கீழே ‘சிவப்புக் கம்பளம்’ அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: ஸ்கிம்மர் சொன்னபடி கேட்கவில்லை

முதலில், வேண்டுமா என்ற கேள்வி. 50, 60 லிட்டருக்குக் கீழே, இரண்டு சின்ன மீன், வாரம் 15 சதவீத நீர்மாற்றம் என்றால் ஸ்கிம்மர் இல்லாமல் நன்றாகவே ஓடும். அந்த அளவில் நீர்மாற்றம் என்பது ஒரு வாளி. 100 லிட்டரைத் தாண்டினால், அல்லது தீனி அதிகம் கேட்கும் மீன் இருந்தால், ஸ்கிம்மர் தன் பங்கைச் செய்யும். மற்ற ஃபில்டர்கள் குப்பையைப் பிடித்து நீரிலேயே வைத்திருக்க, இது அழுகும் முன்பே பொருளை நீரைவிட்டு வெளியே எடுக்கிறது. புரதம், கொழுப்பு போன்றவற்றின் மூலக்கூறுகள் காற்றும் நீரும் சந்திக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். லட்சக்கணக்கான நுண்குமிழிகளை ஏற்றிவிட்டால் அவை நுரையோடு மேலே வந்து கோப்பையில் விழும். கடல்நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகாமல் நுணுக்கமாகவே நிற்பதால்தான் இது இங்கே பலிக்கிறது, நன்னீரில் பலிப்பதில்லை.

பெட்டியில் 200 லிட்டர் வரை என்று எழுதியிருந்தால், மீன் குறைவாக உள்ள தொட்டியை மனதில் வைத்து எழுதியது. அதற்காக 60 லிட்டருக்கு 400 லிட்டர் ஸ்கிம்மர் வாங்கினால், தொட்டியில் அவ்வளவு அழுக்கு இல்லாமல் நுரை கழுத்தைத் தாண்டாமலே நிற்கும். கொஞ்சம் பெரிது சரி, ரொம்பப் பெரிது வீண்.

நுரையே வரவில்லை: புதிது என்றால் ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள். உள்சுவரில் பாலிமரின் வழவழப்பு போய் உயிர்ப்படலம் படியும்வரை அது இழுபறி செய்யும். பழையது என்றால் காற்றுக்குழாயைச் சந்தேகப்படுங்கள். நீரும் காற்றும் சேரும் முனையில் உப்பு காய்ந்து கல்லாகிவிடும். குழாயைக் கழற்றி, அதன் வாயை வெதுவெதுப்பான நன்னீரில் முக்கினால் பம்ப் அதை உறிஞ்சிக்கொள்ளும். அரை டம்ளர் போனதும் உப்பு கரைந்து, குமிழிச் சத்தம் சட்டென்று மாறுவது காதிலேயே கேட்கும். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் பாதி ஸ்கிம்மர் பிரச்சினைகள் வராது. தீனி போட்டதும், கையை விட்டதும் சில மணி நேரம் நுரை அடங்கிவிடுவதும் இயல்பே. தோலின் எண்ணெய் நுரையை உடைத்துவிடும்.

பொங்கி வழிகிறது: நீரில் புதிதாக எதையோ கலந்திருக்கிறீர்கள். கல் ஒட்டும் எபாக்ஸி பசை, குளோரின் நீக்கும் திரவம், மருந்து. ஒருமுறை பவளத் துண்டு ஒன்றைப் பசை வைத்து ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் கோப்பை நிறைந்து, தரையெல்லாம் உப்புநீர், தொட்டியின் மட்டம் மூன்று விரல் கீழே. பசை வேலை செய்கிற அன்று இரவு ஸ்கிம்மரின் காற்றை மட்டும் அடைத்துவிட வேண்டும், அல்லது கோப்பையைக் கழற்றி நுரை தொட்டிக்குள்ளேயே வழியும்படி விட வேண்டும். ஓரிரு நாளில் அடங்கும்.

ஒருநாள் வறட்சி, மறுநாள் வெள்ளம்: சம்ப்பில் ஸ்கிம்மர் நிற்கும் அறையின் நீர்மட்டம் மாறுகிறது. ஆவியாகும் நீர் அங்கேதான் குறையும். ஒவ்வொரு ஸ்கிம்மருக்கும் இத்தனை செ.மீ. ஆழத்தில் நிற்க வேண்டும் என்று குறிப்பு இருக்கும். அதைத் தடுப்புச் சுவர் வைத்து நிலையாக்குங்கள், இல்லையென்றால் மட்டம் பார்த்துத் தானே நன்னீர் சேர்க்கும் கருவி வையுங்கள். அந்தக் கருவி உப்பளவையும் காப்பாற்றும். உப்பு ஆவியாகாது, 48 லிட்டரில் 2 லிட்டர் ஆவியானால் 35 இருந்த உப்பளவு 36.5 ஆகிவிடும். ஸ்கிம்மரின் திருகைத் தொடுவதென்றால் ஒரு நூல் அளவு திருப்பிவிட்டு மறுநாள்வரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள்.

அறிகுறி: சிவப்புக் கம்பளம், பச்சை முடி, பழுப்புத் தூள்

பழுப்புத் தூள் புதுத் தொட்டியில் வந்து தானே போகும் டயட்டம் என்ற நுண்பாசி. போகவே மாட்டேன் என்றால் குழாய்த் தண்ணீரில் வரும் சிலிகேட் காரணமாக இருக்கலாம்; கரைந்த உப்புகளை நீக்கி வடிகட்டிய ஆர்ஓ-டிஐ தண்ணீருக்கு மாறுங்கள்.

மணலின் மேல் கருஞ்சிவப்பு வழவழப்பு, தூக்கினால் துணி போலக் கையோடு வருகிறது என்றால் சயனோபாக்டீரியா, பாசி போலப் படரும் ஒரு பாக்டீரியா. எந்த இடத்தில் படர்கிறது என்று கவனியுங்கள். எப்போதும் ஒரே மூலையா? அங்கே ஓட்டம் இல்லை. தீனித் துணுக்கு ஒன்றைப் போட்டு அது எங்கே போய் ஓய்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு மணிக்குத் தொட்டியளவைப் போல 10 மடங்கு ஓட்டம் போதும். 60 லிட்டருக்கு 600. மென்பவளங்களுக்கு 15 முதல் 20 மடங்கு, கடினப் பவளங்களுக்கு 30க்கும் மேல். இதில் ஃபில்டர் பம்ப்பின் பங்கு சிறியது, வேவ்மேக்கரின் பங்குதான் பெரியது. ஒரே பெரிய வேவ்மேக்கரைவிட இரண்டு சின்னவற்றை எதிரெதிர் மூலையில் வைப்பது எனக்குப் பிடிக்கும். பெரிய ஒன்று எதிர்க்கண்ணாடியில் மோதி மணலைக் குழிபறிக்கும், பவளத்தின் ஒரு பக்கத்தை உரித்துவிடும், ஆனாலும் பின்மூலை தேங்கியே கிடக்கும். கடல்குதிரை வளர்ப்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிட வேண்டும், அதற்கு மெல்லிய ஓட்டமே போதும்.

பச்சை முடி என்றால் ஃபாஸ்பேட்டைப் பாருங்கள். பூஜ்யம் காட்டினாலும் நம்பாதீர்கள். வருவதையெல்லாம் பாசியே தின்றுகொண்டிருக்கலாம். கையால் பிடுங்கி வெளியே எறிவதுதான் முதல் ஃபில்டர். அதற்குப் பிறகு ஃபாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் இரும்பு ஆக்ஸைடுக் குருணை. பவளம் இருந்தால் பெட்டியில் சொன்ன அளவில் பாதியில் தொடங்குங்கள், ஃபாஸ்பேட் ஒரே நாளில் விழுந்தால் பவளம் தாங்காது.

அறிகுறி: நீர் தெளிவாக இருக்கிறது, ஆனால் மஞ்சள்

வெள்ளை டம்ளரில் தொட்டி நீரையும் இன்னொன்றில் புது உப்புநீரையும் ஊற்றிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் கார்பன். 60 லிட்டருக்கு நான்கு மேசைக்கரண்டி, ஆர்ஓ நீரில் கறுப்புத் தூள் போகும்வரை அலசி, துணிப்பையில் போட்டு, நீர் கட்டாயம் ஊடுருவிப் போகும் இடத்தில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: காலையில் பிஹெச் 7.8

ஃபில்டரைக் குறை சொல்வதற்கு முன் அறையைப் பாருங்கள். ஒரு டம்ளர் தொட்டி நீரை எடுத்துத் திறந்த வெளியில் ஒரு மணி நேரம் காற்றுக் குமிழி விட்டு மறுபடி அளந்தால், 8.1, 8.2 என்று ஏறுகிறதா? அப்படியானால் அடைத்த அறையில் நம் மூச்சால் சேர்ந்த கார்பன் டை ஆக்ஸைடுதான் காரணம். ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டால் அதே கருவி இந்த வேலையையும் சேர்த்துச் செய்யும்.

அறிகுறி: மின்சாரம் போய் வந்த பிறகு கோளாறு

தரையில் வெள்ளம் என்றால் பின்னோட்டம். சம்ப்பிலிருந்து மேலே போகும் குழாயின் முனை தொட்டி நீருக்குள் 3 செ.மீ. மூழ்கியிருக்கிறது என்று வையுங்கள். பம்ப் நின்றதும் அதே குழாய் சைஃபன் ஆகி, முனை வெளியே தெரியும்வரை நீரைக் கீழே இழுக்கும். 60க்கு 30 தொட்டியில் 3 செ.மீ. என்பது 5.4 லிட்டர். 40க்கு 25 சம்ப்பில் ஒரு செ.மீ.க்கு ஒரு லிட்டர். ஆக மட்டம் ஐந்தரை செ.மீ. ஏறும். அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்னத் துளை போட்டால் காற்று புகுந்து சைஃபன் உடையும். அந்தத் துளையை நத்தையும் உப்பும் அடைக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கி, எங்கே போய் நிற்கிறது என்று பார்த்து, சம்ப்பில் அதற்கேற்ப ஒரு கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது.

கேனிஸ்டரில் வெள்ளம் வராது, வேறு வம்பு வரும். ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் பாக்டீரியா மிச்ச ஆக்ஸிஜனைத் தீர்த்துவிட்டுச் சாக ஆரம்பிக்கும். சில மணி நேரம் கழித்து மின்சாரம் வந்ததும் அந்த நாற்ற நீர் முழுக்கத் தொட்டிக்குள் பாயும். நீண்ட நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தால், வருவதற்குள் கேனிஸ்டரின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். வந்த பிறகு மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். அழுகின முட்டை வாடை அடித்தால் உள்நீரைக் கொட்டிவிட்டு, பஞ்சைப் பழைய உப்புநீரில் அலசி, வெளிவரும் குழாயை முதல் ஒரு நிமிடம் வாளிக்குள் விட்டு ஓட்டிய பிறகே தொட்டிக்குள் திருப்புங்கள். அதுவரை மீன்களைக் காப்பாற்ற பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று போதும். அதன் பேட்டரியை மட்டும் அவ்வப்போது போட்டுப் பார்த்து வையுங்கள்.